உலகம்மாளுக்கு வாய்த்த வில்

நெடுவாற்றுப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோனதற்கு அடுத்த வருஷம், ஆவணி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, வெள்ளாங்கரை ரேஷன் கடைக்குப் பின்னால் நின்ற மூங்கில் புதரில் வில் காய்த்தது. கொப்புக்குக் கொப்பு தொங்கிய பத்தொன்பது வில்லும் வளைந்த வில்லாகவே, நாண் பூட்டிய வில்லாகவே இருந்தன. மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நின்றவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, வரிசையை விடாமல் நின்று, மண்ணெண்ணெயை வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் வைத்துவிட்டு, அதன் பிறகு வந்து நிதானமாகப் பார்த்தார்கள். வனத்துறையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து எண்ணினார். காய்ந்த பொருள் என்று எழுதுவதா காய்த்த பொருள் என்று எழுதுவதா என்று அரை மணி நேரம் யோசித்து, கடைசியில் 'இதர' என்று எழுதிக்கொண்டு, ஒரு செம்பு மோர் குடித்துவிட்டுப் போனார்.

வில் எதற்கு என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேலக்கரையில் பன்னிரண்டு வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் வெற்றிலைக் கொடிக்கால்கள்; பன்னிரண்டு வீட்டுக்கும் வெள்ளாங்கரையில் கொண்டான் கொடுத்தான் உண்டு. பாலம் போனபிறகு ஆனி பிறந்தால் தை முடியும்வரை ஆற்றில் தோணி இறங்காது. புரட்டாசியில் இரண்டு மழைக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு நாள் ஆறு கொஞ்சம் அடங்கும், அப்போது மட்டும் தோணிக்காரர் இறக்குவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சல் என்றாலும் கல்யாணம் என்றாலும் கரையில் நின்று கத்த வேண்டும், கத்தியது பாதி ஆற்றுக்குள்ளேயே அமுங்கிப்போகும். டெலிபோன் கம்பியும் பாலத்தோடு போயிருந்தது. அதனால் வில்லைக் கண்டதும் ஜனங்கள் நாணலை வெட்டி, காக்கைச் சிறகைக் கட்டி, கடுதாசியைச் சுருட்டிப் பிளாஸ்டிக் தாளில் பொதிந்து அக்கரைக்கு எய்ய ஆரம்பித்தார்கள். புதுப் பாலம் வரும்வரைக்கும் சர்க்கார் செய்த ஏற்பாடு இது என்று நினைத்தவர்களும் உண்டு.

ஒரு சங்கடம் மட்டும் முதல் நாளே தெரிந்துபோயிற்று. எந்த வில்லின் நாணை ஒருவர் முதலில் இழுக்கிறாரோ அந்த வில் அவருக்கு என்று ஆகிவிடும். அதற்கப்புறம் அது வேறு ஒருத்தருக்கும் வளையாது, அவருக்கும் வேறு எந்த வில்லும் வளையாது. இழுத்துப் பார்த்துவிட்டு, இது வேண்டாம், அதை எடுங்கள் என்று சொல்ல முடியாது. ரைஸ்மில்லில் மோட்டார் பார்க்கிற பூலுடையார்தான் இதை ஊருக்கு முதலில் காட்டிக்கொடுத்தவர். இருப்பதிலேயே அழகான வில்லை, சிவப்பு வரி ஓடிய வில்லை, கொப்பிலிருந்து எடுத்து ஒரே இழுப்பாக இழுத்தார். அது இரண்டு விரல் அகலம் வந்தது. அதற்கு மேல் அன்றைக்கும் வரவில்லை, மறுநாள் எண்ணெய் போட்டும் வரவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு வில்லைத் தொட்டார், அது கடப்பாரை மாதிரி நின்றது. அன்றிலிருந்து அந்தச் சிவப்பு வரி வில் அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, அவருடைய பனியன் அதில் காய்கிறது.

இதைப் பார்த்த பிறகு ஊர் சுதாரித்துக்கொண்டது. வில் எடுக்க வருகிறவர்கள் பெண் பார்க்கப் போகிற மாதிரி தாய்மாமன், பெரியம்மை என்று நாலு பேரோடு வந்தார்கள். மோந்து பார்த்தார்கள், நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார்கள், கழுத்தில் மாட்டிக்கொண்டு பத்தடி நடந்தார்கள், பெயருக்கு நட்சத்திரம் பார்த்தார்கள், மறுபடி கொப்பிலேயே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வந்தார்கள். நாணை மட்டும் தொடவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் காந்திமதிநாதன் நேரம் வகுத்தார். காலையில் பத்திலிருந்து பதினொன்று வரை இக்கரை அம்பு, சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து வரை அக்கரை அம்பு. தமுக்கு அடித்ததும் தெருவில் போகிறவர்கள் சுளகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார்கள், கோழிகளைக் கூடையில் மூடினார்கள். போஸ்ட் மாஸ்டர் மட்டும் ஒவ்வொரு அம்பிலும் தபால்தலை ஒட்டித்தான் ஆகவேண்டும் என்று சொன்னார். ஜனங்களும் ஒட்டினார்கள், தபால்தலை ஒட்டிய அம்பு கொஞ்சம் நேராகப் போகிறது என்றுகூட ஒரு பேச்சு இருந்தது.

பூலுடையாரின் வீட்டுக்காரி உலகம்மாள் தையல்காரி. அவளிடம் அளவு டேப் கிடையாது. ஒரு பெண் தெருவில் ஒருமுறை நடந்துபோனால் போதும், அவளுக்கு ரவிக்கை வெட்டிவிடுவாள், வெட்டியது பிடித்தமாக இருக்கும். முதல் வருஷத்திலேயே அவளைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் வந்து, வில் எடுக்க வந்தவரைப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, தோளைப் பார்ப்பாள், குடத்தை எந்த இடுப்பில் தூக்குவார் என்று கேட்பாள், ஒருமுறை தும்மச் சொல்வாள். பிறகு புதரைப் பார்த்து, "அந்த நாலாவது" என்பாள். நாலாவது சரியாக இருக்கும். அக்கரைக்காரர்கள் பாடு இன்னும் மோசம், வில் காய்க்கிற ஆவணியில் அவர்களால் ஆற்றைத் தாண்டி வந்து கண்ணால்கூடப் பார்க்க முடியாது. அவர்கள் தங்கள் கைநீளத்துக்கு ஒரு நூலைக் கத்தரித்து, முன்னமே வில் வாய்த்தவர்களைப் பிடித்து, அம்பில் கட்டி அனுப்புவார்கள். முதல் வருஷம் அதுவும் இல்லாமல், ஆள் எப்படிச் சிரிப்பார், எப்படிக் கோபப்படுவார் என்று சொந்தக்காரர்கள் சொன்னதை வைத்தே உலகம்மாள் பொறுக்கினாள். புரட்டாசித் தோணியில் அவை அக்கரை போய்ச் சேர்ந்தன. பதினோரு வீட்டுக்குப் பதினோரு வில், ஒன்றும் பிசகவில்லை.

பன்னிரண்டாவது வீட்டுக்கு அவள் பொறுக்கவில்லை. அந்த வீட்டில்தான் அவளுடைய தங்கை ஆவுடை இருந்தாள்.

அம்மையும் அப்பனும் அடுத்தடுத்துப் போனபோது ஆவுடைக்கு ஒன்பது வயது. உலகம்மாள்தான் தலைசீவி, பள்ளிக்கூடம் அனுப்பி, சடங்கு சுற்றி, தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிற மாப்பிள்ளையைப் பேசி நாளும் குறித்தாள். குறித்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னால், சந்தைக்கு வெற்றிலைக் கட்டு கொண்டுவருகிற மேலக்கரைக்காரரைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டு ஆவுடை பாலத்தின் மேல் நடந்து போய்விட்டாள். அப்போது பாலம் இருந்தது. இனி இந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று உலகம்மாள் சொல்லி அனுப்பினாள். அதற்கு அக்கரையிலிருந்து ஒரே ஒரு பதில் வந்தது: என் வீட்டுக்காரரைப் பேர் சொல்லி, சௌக்கியமா என்று அக்கா ஒரு வார்த்தை கேட்கட்டும், அதற்குப் பிறகு பேசலாம். அந்த ஒரு வார்த்தையை உலகம்மாள் ஆறு வருஷமாகக் கேட்கவில்லை. கொடிக்கால்காரன் என்று சொல்வாள், அந்த ஆள் என்று சொல்வாள், பெயரைச் சொல்ல மாட்டாள். ஊருக்கெல்லாம் வில் பொறுக்கிக் கொடுத்தவள் தனக்கு ஒரு வில் எடுக்காததும் அதனால்தான். கேட்டால் நேரமில்லை என்பாள். கையில் வில் இருந்தால் எழுதாமல் இருப்பதற்குக் காரணம் சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

நாலாம் வருஷம் ஆனியில் ஒரு சாயங்காலம், அக்கரைக் குருசம்மாள் தன் தம்பிக்கு எய்த அம்பு காற்றில் சற்று விலகி ரேஷன் கடை வாசலில் விழுந்தது. விழுந்த அம்பை, யாருடையது என்று தெரிவதற்காக, கூட்டத்தில் பிரித்துப் படிப்பது வழக்கம். ஆட்டுக்குக் கால் சரியாகிவிட்டது, புளி அனுப்ப வேண்டாம் என்று எழுதிவிட்டுக் கீழே, ஆவுடைக்கு அஞ்சு மாசம், தலைச்சன், ஆறு வருஷம் கழித்து, என்று எழுதியிருந்தது. ஐந்தரை மணிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. உலகம்மாளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவளைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் காரணமில்லாமல் புளிச்சாதம், வளையல், தொட்டில் என்று பேசிவிட்டுப் போனார்கள். அவள் தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் தலைவர் வீட்டு அம்மாள் ரவிக்கையைப் பிரித்துப் பார்த்தபோது அதில் இரண்டும் இடது கையாக இருந்தது.

தலைப்பிள்ளைப் பேறு தாய் வீட்டில்தான். தாய் இல்லாத ஆவுடைக்குத் தாய் வீடு என்றால் இந்த வீடுதான். கணக்குப் பார்த்தால் ஐப்பசியில் வலி எடுக்கும். ஐப்பசியில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு போகும். ஆஸ்பத்திரியும் நர்ஸம்மாவும் இக்கரையில். புரட்டாசித் தோணிக்கு ஆவுடை வந்தால் உண்டு, வராவிட்டால் அந்தப் பன்னிரண்டு வீட்டுக்குள்ளேயே என்ன நடக்குமோ அதுதான். அழைக்காத வீட்டுக்கு அவள் வரமாட்டாள் என்பதை உலகம்மாளை விட அறிந்தவர்கள் யாரும் இல்லை. ஒன்பது வயதிலேயே அப்படித்தான், பந்தியில் இரண்டாம் தடவை கேட்காவிட்டால் பசியோடு எழுந்துவிடுவாள்.

ஆவணியில் அந்த வருஷம் ஏழு வில்தான் காய்த்தது. உலகம்மாள் ஆறு பேருக்குப் பொறுக்கிக் கொடுக்க வேண்டியிருந்தும் யாருக்கும் கொடுக்காமல், ஒரு மத்தியானம் மிஷினை மூடிவிட்டுப் புதரடியில் போய் நின்றாள். ஏழையும் பார்த்தாள். ஊரில் இருக்கிற அத்தனை முதுகும் அவளுக்குத் தெரியும், தன் முதுகை அவள் பார்த்ததில்லை. தான் குடம் தூக்குவது எப்படி, தும்முவது எப்படி என்று யோசித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. நின்று நின்று வெயிலேறி, ரைஸ்மில்லுக்கு ஆள் அனுப்பிப் புருஷனை வரச் சொன்னாள். பூலுடையார் தலைமுடியெல்லாம் தவிடோடு வந்தார். எனக்கு ஒன்றைப் பார்த்துச் சொல்லும் என்று அவள் கேட்டதும் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"என்கிட்டயா கேக்குத? நான் எடுத்த லட்சணந்தான் சுவத்துல தொங்குதே."

"உமக்கு வில்லு தெரியாது. என்னத் தெரியும்லா," என்றாள் உலகம்மாள்.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பதினெட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், அன்றைக்குப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீ பாக்கதுக்குத்தான் ஒல்லி. ஆவுடை போன அன்னைக்கு ஆட்டுரலத் தனியாத் தூக்கிக் கொண்டாந்து வாசல்ல போட்ட. அத உள்ள வைக்க மறுநா நாங்க மூணு பேரு வேண்டியிருந்துச்சு. அதுல அந்தத் தடியன எடு."

ஏழிலும் கறுத்து, பிடி பருத்து, மற்றவர்கள் பக்கத்திலேயே போகாமல் விட்டிருந்த வில் அது. உலகம்மாளின் கண்ணுக்கு அது கொத்தனார் வேலைக்குப் போகிற ஆளுக்கு உள்ளது. இருந்தாலும் கேட்டுவிட்டோம் என்று கொப்பிலிருந்து எடுத்தாள், பிடியைப் பிடித்தாள், கண்ணை மூடிக்கொண்டு நாணை இழுத்தாள். அது காதுவரை வந்தது. துணி கிழிப்பதைவிட லேசாக வந்தது. கூடியிருந்தவர்கள், பூலுடையார் ஒன்றாவது சரியாகச் சொன்னாரே என்று சந்தோஷப்பட்டுக் கலைந்து போனார்கள்.

அன்றைக்கு அவள் எழுதிய கடுதாசி சின்னது. ஆவுடைக்கு அக்கா எழுதுவது, பேறுகாலத்துக்கு இங்கே வந்துவிடு, புரட்டாசியில் தோணி இறங்கும், உன் கட்டில் அப்படியேதான் கிடக்கிறது. அவ்வளவுதான். அந்த ஆளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மறுநாள் பத்து மணித் தமுக்குக்குப் படித்துறையில் நின்று எய்தாள். அம்பு ஆற்றைத் தாண்டியது, மேலக்கரை ஓடுகளைத் தாண்டியது, புளியமரங்களைத் தாண்டியது, பின்னால் பச்சையாகத் தெரிந்த கொடிக்காலுக்குள் இறங்கி மறைந்தது. யாருடைய கொடிக்கால் என்று படித்துறையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பதில் வந்தது. அந்த வீட்டில் வில் இல்லை, அதனால் குருசம்மாள்தான் எய்தாள். உலகம்மாள் பொறுக்கிக் கொடுத்த வில், அம்பு சொன்ன இடத்தில் வாசற்படியில் வந்து குத்தி நின்றது. எழுத்து ஆவுடையுடையது இல்லை. வெற்றிலை எண்ணுகிறவர்கள் போடுகிற கோடு மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது.

'மைனிக்கு. கடுதாசி எனக்கு வந்தது இல்லை, ஆனால் என் கொடிக்காலில் விழுந்தது. நான் படிக்கவில்லை. அவளிடம் கொடுத்தேன். அவள் வாங்கி, பிரிக்காமல் அரிசிப் பானையில் வைத்திருக்கிறாள். சாப்பிடுகிறாள், நன்றாக இருக்கிறாள்.'

எழுதியவர் பெயர் போடவில்லை. உலகம்மாள் அதை மடித்து மிஷின் டிராயரில் வைத்தாள்.

அதற்கடுத்த நாள் அவள் பாதி இழுத்து எய்தாள், அம்பு நடு ஆற்றில் விழுந்து போயிற்று. முக்கால் இழுத்தாள், அதுவும் ஆற்றில்தான். முழுக்க இழுத்தால் கொடிக்கால். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு அந்த வில்லுக்கு இல்லை. பின்னால் தள்ளி நின்று எய்யலாம் என்று தோணிக்காரர் யோசனை சொன்னார். பின்னால் பாறை; பாறைமேல் ஏறி எய்தால் அம்பு இன்னும் தூரம் போயிற்று. குனிந்து எய்தாள், அண்ணாந்து எய்தாள், கனத்த அம்பு செய்து எய்தாள். தினமும் பத்து மணிக்கு ஊரில் பாதிப் பேர் படித்துறையில் வந்து உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லா அம்பும் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்ட மாதிரி அந்தக் கொடிக்காலில் போய் இறங்கின. ஊராருக்கெல்லாம் கண்ணால் அளந்து கொடுத்தவள் தனக்கு மட்டும் பிசகிக்கொண்டாள் என்று ஊர் வருத்தப்பட்டது. பூலுடையார் இரண்டு நாள் வீட்டில் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

அடுத்த பதில் வந்தபோது ஆவணி முடிய நாலு நாள் இருந்தது.

'மைனிக்கு. எல்லாக் கடுதாசியையும் கொடுத்துவிட்டேன், எல்லாம் பானையில் இருக்கிறது. நேற்று வந்த அம்பு மூணாவது பாத்தியில் ஓர் அகத்தியில் இறங்கிவிட்டது. அகத்தி சாய்ந்தால் அதில் ஏறின கொடி நாலும் சாயும். ஒரு கம்பு ஊன்றிக் கட்டியிருக்கிறேன், பிழைத்துக்கொள்ளும். அம்பைப் பிடுங்க அரை மணி நேரம் ஆனது. வில் உங்களுக்கு நல்லதாக வாய்த்திருக்கிறது.'

உலகம்மாள் இதைப் பல தடவை படித்தாள். ஆறு வருஷமாக அவள் மனதில் இருந்த ஆள் வாய் பெரிதான ஆள், சந்தையில் சத்தம் போடுகிற ஆள், சின்னப் பெண்ணைப் பேசிப் பேசி மயக்குகிற ஆள். இந்த எழுத்தில் சத்தமே இல்லை. மரத்தில் அம்பை ஏற்றிவிட்டாயே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்கு நாலு கேட்டிருப்பாள். மிஷின் முன்னால் உட்கார்ந்து, சாக்கட்டியை எடுத்து, வெட்டப் போட்டிருந்த கறுப்புத் துணியில் அந்தப் பெயரை எழுதிப் பார்த்தாள். சிவனணைந்தான். எழுதியதைக் கையால் தேய்த்து அழித்தாள். மறுபடி எழுதினாள். மத்தியானம் வரைக்கும் எழுதி எழுதி அழித்ததில் துணி சாம்பல் பூத்துவிட்டது. வாயால் சொல்லிப் பார்த்தபோது அது அவள் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. ஊசிக்கு நூல் கோர்க்கிற மாதிரி, நுனி உள்ளே போகிறவரைக்கும்தான்.

அப்புறம் தாளை எடுத்து எழுதினாள்.

'மாப்பிள்ளை சிவனணைந்தானுக்கு உலகம்மாள் எழுதுவது. சௌக்கியமா. அகத்தி மரம் அங்கே நிற்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எய்திருக்க மாட்டேன். தெரியாமல் செய்ததை மன்னிக்க வேணும். தெரிந்து செய்ததையும் மன்னிக்க வேணும்.'

மறுநாள் எய்யும்போது படித்துறையில் கூட்டம் இருந்தது. தாளில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அவள் அன்றைக்கு ஒரு யோசனையும் கேளாமல், குனியாமல் நிமிராமல், நேராக நின்று எய்ததைப் பார்த்து, இது அந்த இடத்துக்கே போகவேண்டிய அம்பு என்று புரிந்துகொண்டார்கள்.

பதிலுக்கு நாலு மணிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமுக்கு அடித்ததுதான் தாமதம், முதல் அம்பாக வந்து அவள் வாசற்படியில் நின்றது. அவசரத்தில் பிளாஸ்டிக் தாள்கூடச் சுற்றவில்லை. ஆவுடையின் குண்டெழுத்து, உலகம்மாள் கைபிடித்து எழுதப் பழக்கிய எழுத்து.

'அக்கா. தோணி என்றைக்கு? நாரத்தங்காய் ஊறுகாய் போட்டு வை.'

அவ்வளவுதான் இருந்தது. உலகம்மாள் தாளைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, நாரத்தங்காய் யார் வீட்டில் கிடக்கிறது என்று விசாரிக்கத் தெருவில் இறங்கினாள். தலையில் சுளகு இல்லாமல் போகிறாளே என்று பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். அன்றைக்கு அவள் மேல் ஒரு அம்பும் விழாது என்று தோணிக்காரர் சொன்னார், விழவும் இல்லை.

புரட்டாசி பன்னிரண்டாம் தேதி ஆறு அடங்கியது. முதல் தோணியில் நடுப்பலகையில் ஆவுடை உட்கார்ந்திருந்தாள், வயிறு முன்னால் வர, முகம் கொஞ்சம் உப்பியிருக்க. பின்னால் ஒருவர் ஒரு கையில் குடையும் ஒரு கையில் வெற்றிலைக் கட்டுமாக, ஆட்டத்துக்குப் பயந்து பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் வந்தார். உலகம்மாள் நினைத்திருந்ததைவிட அவர் குட்டை. இடது தோள் வலதைவிட அரை அங்குலம் இறக்கம், கூடை சுமந்த இறக்கம். படித்துறையில் கால் வைத்ததும் அவர்தான் முதலில் பேசினார்.

"மைனி, நல்லா இருக்கியளா?"

"வாங்க மாப்பிள்ள," என்றாள் உலகம்மாள். பிறகு, "அகத்தி எப்படியிருக்கு?" என்று கேட்டாள்.

"துளுத்துட்டு மைனி."

அக்காவும் தங்கையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளாமலேயே வீடுவரை நடந்தார்கள். வாசற்படி ஏறும்போது ஆவுடைக்குக் கை கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்த கையை அவள் உள்ளே கட்டில்வரை விடவில்லை. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் உலகம்மாள் தன் வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு ஆண்பிள்ளைச் சட்டை தைத்தாள். இடது தோளை அரை அங்குலம் இறக்கித் தைத்தாள். சிவனணைந்தான் அதைப் போட்டுப் பார்க்காமலேயே மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கொடிக்காலை விட்டு அவரால் இருக்க முடியாது, மழை வருமுன் வடிகால் வெட்ட வேண்டும். மறுநாள் தோணியில் திரும்பிப் போனார். அதற்குப் பத்தாம் நாள் ஆறு மறுபடி எழும்ப, தோணியைக் கரையில் கவிழ்த்துப் போட்டார்கள்.

ஆவுடை ஒன்பதாம் மாதத்தை அக்கா வீட்டில் நாரத்தங்காயும் சண்டையுமாகக் கழித்தாள். இரண்டு பேரும் ஆறு வருஷத்துச் சண்டையையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றையும் விடாமல், அடுப்படியிலும் மிஷின் பக்கத்திலும் வைத்துப் போட்டு முடித்தார்கள். பூலுடையார் மில்லுக்குச் சீக்கிரமாகவே கிளம்பிவிடுவார், ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒருநாளும் தவறமாட்டார்.

ஐப்பசி இருபதாம் தேதி காலையில் ஆறு மண்நிறத்தில் ஊரை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தபோது, நர்ஸம்மா கையில் பெண் குழந்தை பிறந்தது. மணி எட்டு. பத்துவரை பொறுக்க உலகம்மாளால் முடியவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கு முன்பே தாளில் எழுதி, கறுத்த வில்லை எடுத்துக்கொண்டு படித்துறைக்கு ஓடினாள். நேரம் தவறி எய்யக்கூடாது என்பது தலைவர் வகுத்த சட்டம். தலைவரே குடையோடு அங்கே நின்றுகொண்டிருந்தார், எய்யுங்கள் என்றார். மேலக்கரையில் மற்ற பதினோரு வாசலில் எந்த வாசலுக்கு அம்பு போனாலும் இந்த நேரத்தில் கதவைச் சாத்தியிருப்பார்கள், மழை அப்படி. கொடிக்காலில்தான் ஆள் இருக்கும், வடிகாலில் முழங்கால் தண்ணீரில் நின்று மண் அள்ளிக்கொண்டிருக்கும். உலகம்மாள் காதுவரை இழுத்து விட்டாள். அந்த மழையிலும் காற்றிலும் ஒரு முழம் இப்படி அப்படி விலகாமல் அம்பு ஆற்றைத் தாண்டி, ஓடுகளைத் தாண்டி, புளியமரங்களைத் தாண்டி, எங்கே போகவேண்டுமோ அங்கே போய் இறங்கியது. ஊரில் வேறு எந்த வில்லாலும் அது ஆகாது என்று தோணிக்காரர் சொன்னார். பூலுடையார் மீசையைத் தடவிக்கொண்டார்.

பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம், பேர் நீங்கள்தான் வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். ஆவுடை கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டுவிட்டு அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அம்மா பேரை வைக்க வேண்டும் என்று அக்கா சொல்வாள், அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவள் ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்தாள்.

சாயங்காலம் வந்த பதில் மழையில் ஊறியிருந்தது, தனித்தனி எழுத்து ஆனபடியால் படிக்க முடிந்தது. 'மைனிக்கு. ரொம்பச் சந்தோஷம். தை முடிந்து ஆறு இறங்கட்டும், வந்து பார்த்துவிட்டு வைக்கிறேன். பிள்ளை முகத்தைப் பார்க்காமல் எந்தப் பேர் பொருந்தும் என்று எப்படித் தெரியும்?'

உலகம்மாள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். பிறகு அடுத்த நாள் பத்து மணிக்கு ஒரே வரியில் பதில் எய்தாள்: 'பார்க்காமலே வையுங்கள் மாப்பிள்ளை, நாங்கள் எல்லாரும் அதற்குப் பழகிக்கொள்வோம்.'

வெள்ளிக்கிழமை நாலே காலுக்குப் பேர் வந்தது. செண்பகவல்லி. உலகம்மாள் வாசலில் நின்று அதைச் சத்தமாகப் படித்தாள். சுளகுகளுக்கு அடியிலிருந்து தெரு முழுக்க அதை ஒருதரம் சொல்லிப் பார்த்தது. பேரைக் கேட்டதும் பிள்ளை தலையைத் திருப்பிப் பார்த்தது என்று பூலுடையார் சொன்னார். பிறந்து நாலு நாளான பிள்ளை. யாரும் மறுக்கவில்லை.